சென்னையிலிருந்து ஒரே நாளில் மலைக்குப் போய்வர: ஒரு குடும்பத்தின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மடிப்பாக்கத்தில் ஒரு குடும்பம். கணவன், மனைவி, பத்து வயது மகள், அறுபதைத் தாண்டிய அப்பா, அம்மா. அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஒரே நாளில் மலைப்பக்கம் போக வேண்டும், காடு தெரிந்த ஒருவர் கூடவே வந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், ராத்திரி வீட்டுக்கு வந்து படுத்துவிட வேண்டும். வேன் டூர் நடத்தும் ஒருவர் ஏலகிரி, ஜலகம்பாறை, காவலூர், பீமன் அருவி நான்கையும் ஒரே நாளில் காட்டுகிறேன், கைடும் உண்டு என்று சொல்லியிருக்கிறார். போகலாமா, இல்லை வேறு இடம் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த வேனில் போகாதீர்கள். காரணம் எளிய கணக்குதான். உங்கள் வீட்டிலிருந்து ஏலகிரி அடிவாரம் 200 கிலோமீட்டருக்கு மேல். விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பி, வழியில் இட்லி சாப்பிட்டு, மேலே போய்ச் சேர ஒன்பது ஆகிவிடும். திரும்பி வரவும் அதே அளவு நேரம், ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டியதும் சிக்கும் நெரிசலைச் சேர்த்தால் இன்னும் அதிகம். மிச்சம் இருப்பது ஏழு மணி நேரம். அதில் நான்கு இடம் என்றால், ஒவ்வொன்றுக்கும் நடுவே மலைச்சாலையில் ஏறி இறங்கி வளைந்து போகும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். ஒரு இடத்தில் முக்கால் மணி நேரம் நின்றால் அதிகம். உங்கள் மகள் அன்றைக்கு அதிகம் பார்க்கப்போவது முன் சீட்டின் முதுகைத்தான். அப்பாவின் முழங்காலுக்குக் காட்டு நடையைவிட அந்தப் பத்து மணி நேர உட்காரல்தான் கெடுதல்.

நான் பதினைந்து வருடமாக வார இறுதிகளில் இந்தக் கிழக்கு மலைத்தொடர் குன்றுகளைச் சுற்றிக்கொண்டிருப்பவன். யாராவது கேட்டால் முதலில் சொல்வது இதுதான்: எந்த மலை என்று முடிவு செய்வதற்கு முன்னால், யாரோடு நடக்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். அந்த மண்ணிலேயே வளர்ந்த ஒருவர் கூட வந்தால், சாதாரணப் புதர்க்காட்டில் இரண்டு மணி நேரம் நடந்ததே வருடக்கணக்கில் பேச வைக்கும். அப்படி ஒருவர் இல்லையென்றால் மேற்குத்தொடர்ச்சி மலைக்கே போனாலும் செல்ஃபி எடுத்துக்கொண்டு வருவீர்கள், அவ்வளவுதான்.

டூர்க்காரர்கள் கைடு என்று சொல்லும்போது மூன்று விதமான ஆட்களைச் சொல்கிறார்கள். ஒருவர் வண்டி ஓட்டுபவர். வழி தெரியும், நல்ல ஓட்டல் தெரியும், அருவிக்குப் பாதை எங்கே ஆரம்பிக்கிறது என்று கையைக் காட்டுவார். இன்னொருவர் சென்னையிலிருந்தே உங்களோடு வரும் குழுத் தலைவர். முதலுதவிப் பெட்டி வைத்திருப்பார், ஆட்களை எண்ணுவார், நேரத்தைப் பார்த்து விரட்டுவார். பெரிய குழுவுக்கு அவர் தேவைதான், குறை சொல்லவில்லை. மூன்றாவது ஆள், அந்த மலை ஊர்க்காரர். உங்களுக்கு வேண்டியது இவர். மற்ற இருவரும் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, இவர் இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல வருடங்களுக்கு முன் ஆந்திராவில் இருக்கும் நாகலாபுரம் மலைக்கு ஒரு குழுவோடு போனேன். பணம் கட்டிப் போன பயணம். தலைவராக வந்தவர் அந்தத் தடத்தில் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் நடந்திருக்கிறார் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. மேல் குளத்தில் எல்லோரும் குளித்துக் களித்து, இறங்க ஆரம்பித்தபோது மணி நாலரை. ஓடை ஓரிடத்தில் இரண்டாகப் பிரிகிறது, நாங்கள் தப்பான கிளையில் இறங்கினோம். ஓடையோடு போனால் கீழே ஊர் வந்துதானே ஆகவேண்டும் என்று தலைவர் சொன்னார், எங்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அரை மணி நேரத்தில் ஓடை ஒரு செங்குத்துப் பாறையில் போய் நின்றது. தண்ணீர் மட்டும் கீழே குதித்தது. இருட்டிவிட்டது, போனில் சிக்னல் இல்லை, பதினெட்டுப் பேருக்கு மூன்று டார்ச். பாறைமேல் உட்கார்ந்து மாறி மாறிக் கத்தினோம். எட்டு மணிக்கு மேல் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் குரல் கேட்டு வந்தார். தெலுங்கு கலந்த தமிழில் அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தண்ணி போற வழி மனுசன் போற வழியா?" அவர் எங்களை மேலேற்றி, பிரிவுக்குத் திரும்பக் கொண்டுபோய், ஆட்டுத்தடத்தில் நடத்திக் கீழே விட்டார். நாங்கள் நாள் முழுக்க நடந்தும் எங்கள் கண்ணில் படாத பாதை அது, அவர் டார்ச்கூட இல்லாமல் நடந்தார்.

பதினெட்டுப் பேர் பத்திரமாக வந்தது எங்கள் அதிர்ஷ்டம். எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் உயிர் போனது, சென்னையிலிருந்து கிளம்பிப் போன இளைஞர்கள் அதில் பலர். காய்ந்த புல் இடுப்பு உயரம் நிற்கும் பருவத்தில், காற்று அடிக்கும் சரிவில், தீ மனிதனைவிட வேகமாக மேலேறும். அதற்குப் பிறகுதான் அதே ஆண்டில் தமிழக அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் மலையேறுவது சட்டப்படி குற்றம். டூர்க்காரர் "அதெல்லாம் நாங்க பார்த்துக்குவோம் சார்" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள், அனுமதிச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எந்தத் தடம், எந்தத் தேதி, எத்தனை பேர் என்று அதில் இருக்க வேண்டும். அனுப்பாதவரோடு போக வேண்டாம்.

இப்போது இதற்கு நேரான வழி ஒன்று வந்துவிட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை 'டிரெக் தமிழ்நாடு' என்று ஒரு திட்டம் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள், எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கூட வருபவர்கள் பயிற்சி பெற்ற அந்தந்த ஊர் ஆட்கள், பல இடங்களில் பழங்குடியினர். உங்களைப் போல முதல்முறை போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். அனுமதிக்கு அலைய வேண்டாம், வழிகாட்டியைத் தேட வேண்டாம், இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிறது. குழந்தைகளுக்கான வயது விதியைப் பதிவு செய்யும்போதே படித்துவிடுங்கள், தடத்துக்குத் தடம் பார்க்க வேண்டிய விஷயம் அது. பிப்ரவரி நடுவிலிருந்து கோடை வரை தீ அபாயத்தால் தடங்களை மூடிவிடுவார்கள், அந்த மாதங்களில் திட்டம் போடாதீர்கள்.

சரி, எங்கே போவது?

உங்கள் குடும்பத்துக்கு என்றால் நான் ஏலகிரியைச் சொல்ல மாட்டேன், காவலூரும் பீமன் அருவியும் இருக்கும் ஜவ்வாது மலையையும் சொல்ல மாட்டேன். குடியம் போங்கள். இதைக் கேட்டதும் பலர் முகம் சுருங்கும், "அது மலையா சார்?" என்பார்கள். உயரம் குறைவுதான். பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையை ஒட்டிய தாழ்ந்த குன்றுகள். ஊட்டியில் வரும் குளிர் வராது. ஆனால் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் தடம் தொடங்கும் இடத்தில் நிற்பீர்கள். வனத்துறையின் 40 தடங்களில் குடியம் குகைகளும் ஒன்று, திருவள்ளூர் மாவட்டத்தில். போக வர அரை நாள் நடை, பெரும்பாலும் புதர்க்காடு, செங்குத்து ஏற்றம் கொஞ்சம்தான். பத்து வயதுக் குழந்தை தாராளமாக நடக்கும்.

அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். குகை என்றதும் இருட்டான சுரங்கத்தை நினைக்காதீர்கள். குன்றின் விளிம்பைக் குடைந்தது போன்ற பெரிய பாறைக் கூரை. அதன் சுவரில் கையை வைத்துப் பாருங்கள். ரவா லட்டில் முந்திரி பதிந்திருப்பது போல, உருண்டையான கூழாங்கற்கள் ஆயிரக்கணக்கில் பதிந்திருக்கும். முட்டை அளவு, தேங்காய் அளவு, சிலது பூசணி அளவு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் உருட்டிக்கொண்டு வந்து கொட்டியவை, மணலோடு சேர்ந்து இறுகிப் பாறையாகிவிட்டன. மழையும் வெயிலும் பாறையை அரிக்க, கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். இவை குவார்ட்சைட் கற்கள், சரியான கோணத்தில் தட்டினால் கத்தி போலக் கூர்மையான விளிம்போடு உடையும். இந்தப் பக்கத்து ஆதிமனிதன் தன் கோடரிக்குத் தேடியது இதே கல்லைத்தான்.

இது வெறும் கதையில்லை. ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளர் 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான், ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்தது என்று உலகத்துக்குத் தெரிந்தது அந்தக் கல்லால்தான். அதே ஆண்டு குடியத்துக்குக் கிட்டத்தில் உள்ள அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அங்கே சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் பல ஆண்டுகள் அகழாய்வு செய்து, 2011இல் வெளியிட்ட ஆய்வில் அந்தக் கைக்கோடரிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது என்று காட்டினார்கள். 2018இல் வந்த அடுத்த ஆய்வு, அதைவிட நுட்பமான கருவிகளை அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே செய்தார்கள் என்றது. பல்லாவரம் மேம்பாலத்தில் தினம் போகிற குழந்தைக்கு இதைவிட நெருக்கமான பாடம் எங்கே கிடைக்கும்? தரையில் கிடக்கும் கல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்துவிடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் கிடப்பதுதான் ஆய்வாளருக்கு அதன் பேச்சு, பைக்குள் போய்விட்டால் அது ஊமைக் கல்.

குகைக் கூரையில் மலைத்தேனீக் கூடுகள் தொங்கும். இதற்குத்தான் வழிகாட்டியின் பேச்சைக் கேட்க வேண்டும். அவர் மெதுவாகப் பேசச் சொன்னால் மெதுவாகப் பேசுங்கள், இங்கேயே நில்லுங்கள் என்றால் நில்லுங்கள். அன்றைக்கு வீட்டில் யாரும் சென்ட் போட வேண்டாம், தலைக்கு வாசனை எண்ணெய் வேண்டாம், குகைப் பக்கம் புகை, பட்டாசு, சத்தமான பாட்டு கூடவே கூடாது. மலைத்தேனீ கலைந்தால் ஒன்றிரண்டாக வராது, கூட்டமாக வந்து வெகுதூரம் துரத்தும். வீட்டில் யாருக்காவது தேனீ கொட்டி முன்பு மூச்சுத் திணறியிருந்தால் அவரைக் குகைக்கு அழைத்துப் போகாதீர்கள்.

அப்பாவுக்கும் வழி இருக்கிறது. குடியம் நடை அவர் முழங்காலுக்கு அதிகம் என்று தோன்றினால், அவரும் அம்மாவும் பூண்டியில் இருக்கட்டும். 1944இல் கட்டிய சத்தியமூர்த்தி சாகர் நீர்த்தேக்கம் அங்கேதான் இருக்கிறது, சென்னையின் குடிநீர்ப் பரப்பு. கரையில் நீர்க்காகமும் கூழைக்கடாவும் பார்த்துக்கொண்டு மரத்தடியில் உட்காரலாம். தொல்லியல் துறையின் முன்வரலாற்று அருங்காட்சியகமும் பூண்டியிலேயே உண்டு. நீங்கள் காட்டிலிருந்து வந்ததும் மகளை அங்கே கூட்டிப்போங்கள். காலையில் பாறையில் தொட்ட அதே கல், மதியம் கண்ணாடிப் பெட்டிக்குள் கோடரியாக இருக்கும். வரிசை மாறக் கூடாது, முதலில் மலை, அப்புறம் அருங்காட்சியகம்.

இனி மற்ற இடங்கள். ஏலகிரி கெட்ட இடம் இல்லை. மலையடிவாரத்துப் பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் தமிழ்ப் புலவர்கள், வள்ளல்கள் பெயர். மேலே 1,000 மீட்டருக்கு மேல் உயரம். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குச் சற்று மேல் வெப்பம் குறையும் என்ற கணக்கில், கீழே வாணியம்பாடியில் கொளுத்தும்போது மேலே நான்கு டிகிரி வாக்கில் இதமாக இருக்கும். சாமிமலை உச்சிக்கு நல்ல ஏற்றம், மூச்சு வாங்கும், மேலே போனால் நாலாபக்கமும் திறந்த காட்சி. அதற்கும் வனத்துறைத் தடம் உண்டு. போவதாக இருந்தால் வேனை விட்டுவிட்டு விடியற்காலை ரயிலில் ஜோலார்பேட்டை போய் இறங்கி, அங்கிருந்து ஆட்டோவோ காரோ பிடியுங்கள். மூன்று மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்து போகலாம், குழந்தை வளைவுகளில் வாந்தி எடுப்பதும் குறையும். அந்த நாளில் சாமிமலை ஒன்று மட்டும் போதும். புங்கனூர் ஏரியில் படகு, பூங்கா என்று சேர்க்க ஆரம்பித்தால் மலை கை நழுவிவிடும்.

ஜவ்வாது மலை எனக்கு மிகவும் பிடித்த இடம். அதனால்தான் ஒரு நாளில் போகாதீர்கள் என்கிறேன். போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் போய்ச் சேரவே ஐந்து மணி நேரம். ஒரு இரவு தங்க முடிந்தால் மட்டும் போங்கள். அங்கே இருக்கும் மக்கள் மலையாளிகள். கேரளத்தோடு சம்பந்தம் இல்லை, மலையை ஆள்பவர்கள் என்று பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று சொல்லும் மரபு அவர்களிடம் உண்டு. சாமையும் தினையும் விளைகிற மண். ஐப்பசி வாக்கில் போனால் சாலையோரம் கூடை கூடையாகச் சீத்தாப்பழம். கீழ்ச்செப்பிளிப் பக்கம் பெருங்கற்காலக் கற்திட்டைகள். காவலூரில் 2.3 மீட்டர் கண்ணாடி கொண்ட வைணு பாப்பு தொலைநோக்கி. இதையெல்லாம் ஒரு மத்தியானத்தில் அடக்க முடியுமா?

ஒரு நல்ல வழிகாட்டி என்ன செய்வார் என்று நான் புரிந்துகொண்டது ஜவ்வாதில்தான். கூட வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும், காலில் செருப்பு, தோளில் துண்டு. முதல் அரை மணி நேரம் அவர் எதுவுமே பேசவில்லை, நாங்கள்தான் பேசிக்கொண்டே போனோம். ஓரிடத்தில் கையை உயர்த்தி நிறுத்தினார். பாதை நடுவில் கறுப்பாக ஒரு குவியல். குனிந்து ஒரு குச்சியால் பிரித்துக் காட்டினார். பளபளவென்று பழுப்பு நிறத்தில் தட்டையான விதைகள். "கொன்றைக்காய் தின்னிருக்கு. கரடி. நேத்து ராத்திரி." கொன்றை என்றால் சித்திரையில் மஞ்சளாகப் பூக்கும் அதே சரக்கொன்றைதான், அதன் நீளக் காய்க்குள் இருக்கும் இனிப்புச் சதை கரடிக்கு உயிர். விதை செரிக்காமல் வெளியே வந்து எங்கோ முளைக்கும். பத்தடி தள்ளி ஒரு கறையான் புற்று, பக்கவாட்டில் பெரிய ஓட்டை. நகக்கீறல் ஈரமண்ணில் அப்படியே இருந்தது. அவர் பாதையை மாற்றிவிட்டார். "இனிமே பேசிக்கிட்டே வாங்க" என்றார். அதுவரை பேசாமலே வந்தவர் இப்போது எங்களைப் பேசச் சொன்னது ஏன் என்று கேட்டேன். கரடிக்குக் கண் மந்தம், திடீரென்று எதிரில் ஆளைப் பார்த்தால் பயத்தில் பாய்ந்துவிடும், சத்தம் கேட்டால் தானே ஒதுங்கிப்போகும் என்றார். எப்போது பேச வேண்டும், எப்போது வாயை மூட வேண்டும் என்பது அந்த இடத்தைப் பொறுத்தது, அது அவருக்குத் தெரியும்.

அன்று மதியம் அவர் உசில மரத்து இலையை ஒரு கைப்பிடி உருவி, கொஞ்சம் தண்ணீர் விட்டு உள்ளங்கையில் தேய்த்தார். நுரை வந்தது. எங்களோடு வந்த ஒரு அம்மா "அட, அரப்பு!" என்று கத்திவிட்டார். சின்ன வயதில் எண்ணெய்க் குளியலுக்குத் தேய்த்த பொடி எந்த மரம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உங்கள் அம்மாவை அழைத்துப்போவது மகளுக்கு எவ்வளவு நல்லது என்று இதற்காகவே சொல்கிறேன். வழிகாட்டி மரத்தைக் காட்டுவார், பாட்டி அதை வீட்டோடு சேர்த்துவிடுவார்.

வழிகாட்டிக்குக் கொடுக்கும் கூலியைப் பேரம் பேசாதீர்கள் என்று நான் எப்போதும் கெஞ்சிக் கேட்பேன். 2015 ஏப்ரலில் திருப்பதி அருகே சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 தமிழ்த் தொழிலாளர்கள் ஆந்திரக் காவல் துறையால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் ஜவ்வாது மலையிலிருந்தும் அதன் சுற்று வட்டாரத்திலிருந்தும் போனவர்கள். மலையிலேயே கௌரவமான வேலை இருந்திருந்தால் அவர்கள் அந்தக் காட்டுக்குப் போயிருப்பார்களா என்று அங்கே போகும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன். தேன், சாமை, புளி எதை வாங்கினாலும் மலையிலேயே, விளைவிப்பவர்களிடமோ அவர்களுடைய கூட்டுறவிலோ வாங்குங்கள்.

நாகலாபுரமும் வரதையபாளையம் பக்கத்துத் தடா அருவியும் சென்னைக்குக் கிட்டத்தில் இருப்பதால் ஆசையாக இருக்கும். அழகான குளங்கள், சந்தேகமில்லை. ஆனால் அது ஆந்திர வனத்துறையின் நிலம், அவர்கள் அனுமதி தனி. செம்மரக் காவல் கடுமை. குளங்களின் அடியில் வழுக்குப்பாறையும் பொந்தும் உண்டு, நீச்சல் தெரிந்தவர்களே மூழ்கி இறந்திருக்கிறார்கள். முதல் பயணத்துக்கு, குழந்தையோடு, வேண்டவே வேண்டாம்.

மாதம் கேட்டால், மழை விட்ட பிறகு, மார்கழியிலிருந்து தை முடிய. வடகிழக்குப் பருவமழை குன்றுகளை நன்றாக நனைத்துவிட்டுப் போயிருக்கும், ஓடையில் நீர் இருக்கும், வெயில் தாங்கும். வலசை வந்த பறவைகளும் இருக்கும். ஆறுமணிக்குருவி என்று ஒன்று, வடக்கே இமயத்து அடிவாரத்திலிருந்தெல்லாம் வருவது. விடியலிலும் அந்தியிலும் ஆறு மணி வாக்கில் இரண்டு சுருதியில் விசில் அடிக்கும், அதனால் அந்தப் பெயர். ஐப்பசியில் களைத்துப்போய் சென்னை வீட்டு மாடிகளில்கூட விழுந்து கிடக்கும். வழிகாட்டியிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், அவர் முகம் மலரும்.

டூர்க்காரரோ வனத்துறையோ, யாரோடு போனாலும் கேட்க வேண்டியது சில உண்டு. வழிகாட்டி எந்த ஊர்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? பத்துக்கு மேல் என்றால் பின்னால் வரும் ஆள் என்ன செய்கிறார் என்று அவருக்குத் தெரியாது. எத்தனை மணிக்குத் திரும்பியே ஆக வேண்டும்? மார்கழியில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறையும், மரநிழலில் அதற்கு முன்பே இருட்டும். மூன்று மணிக்கு எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவோம் என்று சொல்பவர் நல்ல வழிகாட்டி. போன் சிக்னல் எங்கே அறுந்துபோகும், பக்கத்து அரசு மருத்துவமனை எது என்பதையும் கேட்டுவிடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு 108க்குச் சொல்லி, விஷமுறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும்.

பெண்கள் கேட்கத் தயங்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தடத்தில் கழிப்பறை இருக்காது. பெண் வழிகாட்டி உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள், பெரிய வித்தியாசம் அது. கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் நடப்பவர்கள்தான் முதலில் மயங்கி விழுகிறார்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அதோடு உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சை ஜூஸ் ஒரு பாட்டில். சாப்பாட்டுக்குப் புளிசாதம் போதும், மதியம் வரை கெடாது. தயிர்சாதத்தைப் பூண்டியில் அப்பா அம்மாவிடம் விட்டுவிட்டுப் போங்கள், திரும்பி வந்ததும் சாப்பிடலாம். முழுக்கால் பேண்ட், பழகிய ஷூ. புது ஷூ வாங்கி அன்றைக்கே போட்டுக்கொண்டு வராதீர்கள், இரண்டாவது கிலோமீட்டரில் குதிகால் கொப்பளிக்கும். குழந்தைக்கு ஒரு விசில் வாங்கிக் கழுத்தில் மாட்டுங்கள். பிரிந்துவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று மூன்று முறை ஊதச் சொல்லி வீட்டிலேயே பழக்குங்கள்.

வீட்டிலிருந்து காலை நாலரைக்குக் கிளம்பினால், திருவள்ளூரில் காபி குடித்துவிட்டு, ஏழு மணிக்குள் குடியத்தில் இருக்கலாம். பொங்கல் விடுமுறையை விட்டுவிட்டு அதற்கு அடுத்த சனிக்கிழமைக்குப் பாருங்கள், இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடுகின்றன. அப்பாவின் உட்காரலுக்கு ஒரு மடக்கு நாற்காலியை டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள், பூண்டிக் கரையில் நல்ல இருக்கை கிடைக்காது.